திரும்பும் வழி: உப்புவெளிக் கடலில் ஒரு மூச்சடக்கு விபத்து

என் மருமகன் கையில் கட்டியிருந்த மணிக்கூடு, ஆழத்தைக் கோடாக வரைந்து சேமித்து வைக்கும் வகை. காற்றுத் தாங்கி இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சனிக்கிழமைக் காலையில் அவன் இறங்கிய கடைசிச் சுழியோட்டத்தை இப்போதும் என் போனில் படமாக வைத்திருக்கிறேன். கோடு நேராகக் கீழே இறங்குகிறது. 23.8 மீட்டரில் கொஞ்ச நேரம் தட்டையாக நிற்கிறது. பிறகு சாய்ந்து சாய்ந்து மேலே ஏறுகிறது. 5 மீட்டர் வரை ஏறி வந்த கோடு அங்கே வளைந்து மறுபடி கீழே போகிறது, 9.6 மீட்டர் வரைக்கும். அதற்குப் பிறகு நீர்மட்டத்துக்கு ஒரே ஏற்றம்.

அந்த வளைவில் அவனுக்கு நினைவு இல்லை. கடைசி ஏற்றம் அவன் ஏறியது இல்லை, இன்னொருவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அடுத்த கிழமையே ஊரில் ஓடத் தொடங்கிய இரண்டு கதைகள். பெரியவர்கள் சொன்னது: “அவனுக்கு விசர். உயிரை வைத்து விளையாடினால் இப்படித்தான்.” அவனுடைய வயதுப் பெடியன்கள் சொன்னது: “இருபத்துநாலு மீட்டர் மச்சான், செத்துப் பிழைச்சு வந்திருக்கிறான்.” இரண்டையும் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் கதையை நம்பினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கடலே ஆகாது என்றாகிவிடும். இரண்டாவதை நம்பினால் அடுத்த மாதம் இன்னொருவன் இறங்குவான். அன்றைக்கு வள்ளத்தில், இவனைத் தூக்கி வந்த சங்கு அண்ணன் இருக்க மாட்டார்.

நான் 2002ல் போர் நிறுத்தம் வந்த காலத்திலிருந்து திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவன். காற்றுத் தாங்கியோடு சுழியோடுவது என் தொழில். இந்தச் சம்பவத்துக்காக அன்றைக்குப் படகில் இருந்த நாலு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன், மணிக்கூட்டின் பதிவையும் இரண்டு வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மருமகனும் அவன் அம்மாவும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன். நடந்த பாறையின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், தேடிக்கொண்டு போவார்கள்.

ஆள் யார்

வயது 22. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை. அப்பா கட்டாரில். அம்மா, அதாவது என் அக்கா, 2004 டிசம்பர் 26 அன்று ஒரு வயதுப் பிள்ளையாக இருந்த இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள். அன்றிலிருந்து அவள் கடற்கரை மணலில் கால் வைத்தது கிடையாது. வீட்டிலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான்.

பெடியன் நல்ல நீச்சல்காரன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாறையிலிருந்தும் இறங்குதுறையிலிருந்தும் குதித்துக் குதித்து வளர்ந்தவர்கள், அதில் புதினம் ஒன்றும் இல்லை. மூச்சடக்கிச் சுழியோடுவதை இவனுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தது இரண்டு கிழமை வந்து தங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண். காதை எப்படிச் சமப்படுத்துவது, தலையை எப்படி வைப்பது, காலில் மாட்டும் நீளத் துடுப்பை எப்படி அடிப்பது எல்லாம் அவர் சொன்னது. தனியாகப் போகாதே என்பதையும் சொல்லியிருக்கிறார். மீதியை வீடியோ பார்த்துப் பழகினான். ஆறு மாதத்தில் 20 மீட்டர். அது சும்மா வராது, உடம்பும் மனமும் அடங்கி வந்தால்தான் வரும்.

என்னத்துக்கு இது என்று வைத்தியசாலைக் கட்டிலில் வைத்தே கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குப் பிறகு கால் அடிக்கத் தேவையில்லை மாமா. கடலே இழுத்துக்கொண்டு போகும். ஒரு சத்தமும் இல்லை. ஹோட்டல் இல்லை, போன் இல்லை. நான் இருக்கிறதே எனக்கு அப்பதான் தெரியும்.”

அவன் சொன்னது உண்மை. ஆழம் கூடக் கூட நெஞ்சுக்குள் இருக்கும் காற்றை நீரின் அழுத்தம் நசுக்கும். 10 மீட்டரில் அது பாதி அளவுக்கு வந்துவிடும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மிதக்க வைக்கும் காற்று சுருங்கினால் உடம்பு கல்லுப்போல இறங்கும். இதயத் துடிப்பும் தானாகக் குறையும். அந்த இறக்கத்தின் அமைதியை நானும் அனுபவித்திருக்கிறேன். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் கடல் உள்ளே இழுக்கிறது என்றால், வரும்போதும் அதே இழுப்புத்தான். அதை எதிர்த்துத்தான் ஏற வேண்டும்.

அந்தக் காலை

வெள்ளி இரவு வேலை முடித்து மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறான். வயிறு வெறுமையாக இருந்தால் மூச்சைக் கூட நேரம் அடக்கலாம் என்று தேத்தண்ணி மட்டும். வேலைக்குப் போகுமுன் இன்ஸ்டாகிராமில் ஒரு வரி போட்டிருக்கிறான்: “நாளைக்கு 25.” அதற்குக் கீழே எழுபது எண்பது பேர் கைதட்டல்.

ஜூலை மாதம். கச்சான் காற்று எழும்ப முன்பு காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆறே முக்காலுக்குப் பைபர் போட்டில் நாலு பேர் போகிறார்கள். மருமகன், மேலே நின்று பார்க்க 19 வயது நண்பன் ஒருவன், வீடியோ எடுக்க இன்னொருவன், படகு ஓட்டச் சங்கு அண்ணன். நங்கூரக் கயிறு 24 மீட்டரில் மணலில் விழுகிறது. தண்ணீர் நல்ல தெளிவு, படகிலிருந்து பார்த்தாலே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தெரிகிறது.

முதல் இறக்கம் 12 மீட்டர். பிறகு 18, 20, 21, 22.4. ஐந்தாவது இறக்கம் 1 நிமிடம் 18 விநாடி நீடித்தது. மேலே வந்து ஓய்வெடுத்தது 1 நிமிடம் 50 விநாடி மட்டும். கீழே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே மிதக்க வேண்டும், ஆழமான இறக்கம் என்றால் அதைவிடக் கூட. இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். வீடியோவில் நண்பன், “கொஞ்சம் பொறு மச்சான்” என்று சொல்வதும் கேட்கிறது. அதற்குப் பதிலாகக் கேட்பது மூச்சுச் சத்தம். உஸ், உஸ் என்று வேகமாக, ஆழமாக, ஏறத்தாழ முப்பது தடவை. பிறகு ஒரு பெரிய மூச்சு. துடுப்பு நிமிர்கிறது, ஆள் இல்லை.

27 விநாடியில் கீழே. அங்கே 24 விநாடி நிற்கிறான். கையில் கட்டிய சின்னக் கமராவில் அது பதிவாகி இருக்கிறது: மணிக்கூட்டைப் பார்க்கிறான், 23.8 என்று இருக்கிறது. நங்கூரம் விழுந்த இடமே 24 மீட்டர்தான், இருபத்தைந்துக்கு அந்த இடத்தில் ஆழம் இல்லை. அவன் மணலில் கை வைத்து, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தேடுகிறான். அந்த 24 விநாடியை நான் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும், “ஏறு, ஏறு” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

51ஆவது விநாடியில் ஏறத் தொடங்குகிறான். 1 நிமிடம் 24 விநாடியில், 5 மீட்டரில், கால் நிற்கிறது.

உடம்புக்குள் என்ன நடந்தது

மூச்சு முட்டுகிறது என்று உடம்பு சொல்வது ஒட்சிசன் குறைந்ததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதால்தான் அந்தத் தவிப்பு முக்கியமாக வருகிறது. முப்பது தடவை உஸ் உஸ் என்று இழுத்து விட்டால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் இரத்தம் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. காபனீரொட்சைட்டு மட்டும் வெளியே போய்விடும். அதாவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம். உள்ளே ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருக்கும், தவிப்பு வராது. “நல்லா இருந்தது மாமா, இன்னும் நிற்கலாம் போல இருந்தது” என்று அவன் சொன்னதன் விளக்கம் இதுதான்.

அடுத்தது ஆழத்தின் ஏமாற்று. 20 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 3 மடங்கு. நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஒட்சிசனையும் அந்த அழுத்தம் இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் கீழே நிற்கும்வரை மூளைக்குக் குறை தெரியாது. ஏறும்போது அழுத்தம் குறைகிறது. 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது 2 மடங்கு 1 ஆகிறது, பாதிக்குப் பாதி. கீழே போதுமாக இருந்த அதே ஒட்சிசன் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் திடீரென்று போதாமல் போகும். விளக்கு அணைந்த மாதிரி நினைவு போகும். முன்னறிவிப்பு கிடையாது. மூச்சடக்குகிறவர்களுக்கு மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வராமல் வெளிச்சம் தெரியும் இடத்தில் வருவது இதனால்தான்.

இவ்வளவும் நடந்தும்கூட, ஐந்து மீட்டரில் மயங்கியவன் மேல்நோக்கி மிதந்திருக்கலாம். மிதந்திருந்தால் நண்பனின் கைக்கு வந்திருப்பான். அவன் மிதக்கவில்லை, தாழ்ந்தான். இடுப்புப் பட்டியில் 5 கிலோ ஈயம்.

அந்தப் பட்டியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வையில் இந்தச் சம்பவத்தில் ஆளைக் கொல்லப் பார்த்தது அதுதான். யாரோ காற்றுத் தாங்கியோடு சுழியோடுகிறவர் விட்டுப்போன பழைய பட்டி. நைலோன் வார், ஐந்து ஈயக் கட்டி, ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மருமகனின் உடுப்பு மூன்று மில்லிமீட்டர் ரப்பர், அதற்கு இரண்டு கிலோவே காணும். ஒரு சின்னச் சோதனை இருக்கிறது: பட்டியைக் கட்டிக்கொண்டு கரைக்குப் பக்கத்தில் மிதந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பார்ப்பது. அப்போதும் மிதந்தால் பாரம் சரி. தாழ்ந்தால், ஆழமற்ற நீரில் மயங்கினாலும் தாழ்வோம் என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை. “பாரம் கூடினால் சுகமாக இறங்கலாம்” என்று அதைச் செய்யாமல் விட்டிருக்கிறான். இறங்குவதை மட்டும் யோசித்தவன் கட்டிய பட்டி அது.

அவனைப் பிடித்த கை

மேலே நின்ற நண்பன் நல்ல பிள்ளை. அவனால் எட்டு மீட்டர்தான் போக முடியும், அதுவும் அமைதியாக இருக்கும்போது. அன்றைக்கு அவன் இரண்டு தடவை தலைகீழாகக் குத்தி, இரண்டு தடவையும் பாதியில் காது வலித்துத் திரும்பினான். அதை நினைத்து அவன் இன்னும் அழுகிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 24 மீட்டர் போகிறவனுக்குக் காவலாக 8 மீட்டர்க்காரனை நிறுத்தியது அவனுடைய பிழை இல்லை.

சங்கு அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். இளவயதில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர், பிறகு தாங்கி கட்டிக் கடலட்டை பிடிக்கப் போனவர். இரண்டு காலும் சரியாக இல்லை, தரையில் கம்பு பிடித்து நடப்பார். அவர் யாரையும் பார்த்துக்கொள்ள வந்தவர் இல்லை, படகு ஓட்ட வந்தவர். ஆனால் ஆள் இறங்கினால் மனதுக்குள் எண்ணத் தொடங்குவது அவருக்கு வராமல் இருக்காது. “எண்பதுக்கு மேல் போச்சு. எட்டிப் பார்த்தன், கால் அடி நிக்குது. முகம் கீழ பாக்குது,” என்றார்.

சாரத்தை அவிழ்த்து எறிந்துவிட்டு, கண்ணாடியும் இல்லாமல் விழுந்திருக்கிறார். உதைக்கக் காலில் பலம் இல்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கைமேல் கை வைத்துத் தன்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனார். வீடியோ எடுத்தவனின் கமரா படகில் விழுந்து கிடந்ததால் இது படமாக இல்லை. மணிக்கூட்டுக் கோட்டில் மட்டும் இருக்கிறது: 9.6 மீட்டரில் கோடு நின்ற இடம் அவருடைய கை. ஒரு கையால் கயிறு, மறு கையால் பெடியனின் இடுப்பு. கொளுக்கியை இழுத்துப் பட்டியை விழுத்தினார். அதற்குப் பிறகு இருவரும் ஏறினார்கள். நீர்மட்டம் வந்தபோது 1 நிமிடம் 57 விநாடி.

உதடு நீலம். பல் கிட்டித்திருந்தது. மயங்கியவுடன் தொண்டை தானாக மூடிக்கொள்ளும், அது கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீரை உள்ளே விடாது. அந்தக் கொஞ்ச நேரம் முடியுமுன் மேலே வந்துவிட்டான். 19 வயது நண்பன் பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்தவன். முகக் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் போகவே நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதினான். மூன்றாவது மூச்சில் இருமல் வந்தது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை மூச்சு என்பதை அவன் மறக்கவில்லை. கீழே போக முடியாமல் போனவன் மேலே செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தான்.

கரைக்கு வந்து 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து, சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்து, அரச வைத்தியசாலையில் இரண்டு இரவு. நெஞ்சுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தது. எழும்பி நடந்தாலும் இப்படிப்பட்டவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கக் கூடாது. நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூட மோசமாகலாம்.

சங்கு அண்ணனின் இடது காது சவ்வு கிழிந்தது. அதை அவர் மூன்றாம் நாள்தான் சொன்னார்.

மூன்று பேர், மூன்று திரும்பல்கள்

மூச்சடக்கலில் உலகத்திலேயே பெரிய ஆட்கள் சிலர் இறந்திருக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளை முன்பும் படித்திருக்கிறேன், ஆனால் மணிக்கூட்டுக் கோட்டைப் பார்த்த பிறகு வேறு மாதிரிப் படிக்கத் தோன்றியது.

பிரான்சைச் சேர்ந்த ஓட்ரி மெஸ்ட்ரே 2002 அக்டோபர் 12 அன்று டொமினிக்கன் குடியரசுக் கடலில் 171 மீட்டருக்கு, ஆளைக் கீழே இழுத்துப்போகும் பாரச் சறுக்கியில் இறங்கினார். இறக்கம் சரியாகத்தான் நடந்தது. மேலே தூக்கி வர வேண்டிய பலூனை ஊதும் சிலிண்டரில் போதிய காற்று இல்லை. எட்டு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் அவரை மேலே கொண்டு வந்தார்கள்.

அமெரிக்கர் நிக்கலஸ் மெவோலி 2013 நவம்பர் 17 அன்று பஹாமாஸில் துடுப்பு இல்லாமல் 72 மீட்டருக்கு முயன்றார். 68 மீட்டர் அளவில் நின்றார், திரும்புவதுபோல் தெரிந்தது. பிறகு மனம் மாறி மறுபடி கீழே போனார். தானாகவே மேலே வந்து சேர்ந்தார், வந்த சிறிது நேரத்தில் நினைவிழந்தார். நுரையீரல் காயம். வயது 32.

ரஷ்யாவின் நத்தாலியா மொல்சானோவா ஒரே மூச்சில் 9 நிமிடம் 2 விநாடி அசையாமல் கிடந்தவர். 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் போர்மெந்தேரா தீவுக்கு அருகே, போட்டி எதுவும் இல்லாமல், அவருக்குச் சாதாரணமான ஓர் ஆழத்துக்கு இறங்கினார். நீரோட்டம் இருந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

இவர்கள் மூன்று பேரும் முட்டாள்கள் இல்லை, பயிற்சி இல்லாதவர்களும் இல்லை. இறங்குவதில் மூவரும் தேர்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பி வரும் வழியில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது: காற்று இல்லாத சிலிண்டர், மாறிய மனம், பக்கத்தில் ஆள் இல்லாத நீரோட்டம். மருமகனுக்கு அது ஐந்து கிலோ ஈயமும் முந்தின இரவு போட்ட ஒரு வரியும். மெவோலியின் 68 மீட்டரைப் படித்தபோது, மணலில் கை வைத்துச் சரிவைத் தேடிய 24 விநாடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. 23.8 என்று பார்த்தவன் உடனே திரும்பியிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

எது முட்டாள்தனம்

நோர்வேயில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதைக் கேட்டுவிட்டு, அங்கே ஷெராக் மலையிலிருந்து பாரசூட்டோடு குதிக்கிறவர்களைப் பற்றி ஒரு கணக்கு அனுப்பினான். 1995 முதல் 2005 வரை 20,850 குதிப்புகள், 9 மரணங்கள். ஏறத்தாழ 2,300 குதிப்புக்கு ஓர் உயிர். “இதைவிட உன் மருமகன் செய்தது பரவாயில்லை” என்று ஆறுதலுக்குச் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எத்தனையில் ஒன்று என்ற கணக்கு ஆபத்தின் அளவைச் சொல்லும். அந்த ஒன்றை யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்பதை அது சொல்லாது.

எங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் கட்டி முடியாததால் அந்தப் படகு. அந்தப் பிள்ளைகளுக்கு, “இன்றைக்கு வேண்டாம், திரும்பிப் போகிறேன்” என்று சொல்ல வழி இருந்ததா? அதுதான் பள்ளிக்கூடத்துக்கு வழி.

சங்கு அண்ணனின் காலுக்கும் இதே கதைதான். கடலட்டைக்குப் போன காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தாங்கி இறங்குவார்களாம். சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முற்பணம் வாங்கியாயிற்று, அட்டை இருக்கும் இடம் ஆழம், நாள் முடியுமுன் கணக்குத் தீர வேண்டும். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் உடம்பில் கரையும். மெதுவாக, நின்று நின்று ஏறினால் அது வெளியேறும். அவசரமாக ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளே குமிழியாகும். ஒரு பின்னேரம் கரைக்கு வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இதற்கென்று அழுத்த அறை இருக்கிறது. அவரை அங்கே கொண்டுபோனது இரண்டு நாள் கழித்து. கம்பு பிடித்து நடக்கிற அளவுக்காவது வந்தது அதனால்தான். உடனே போயிருந்தால் இன்னும் தேறியிருப்பார்.

அவரைப் பார்த்து ஊரில் யாரும் விசர் என்று சொன்னதில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள். சாப்பாட்டுக்காக எடுத்த ஆபத்து என்றால் பாவம், சந்தோசத்துக்காக எடுத்த ஆபத்து என்றால் விசர். இந்தப் பிரிப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சந்தோசம் மனிதருக்குச் சின்ன விசயம் இல்லை. 1956ல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடியது யாரும் கூலி கொடுத்து இல்லை. ஆசையில் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் விழுத்திய கோணேசர் கோயிலின் தூண்களை அடியில் கண்டார்கள், லிங்கமும் மேலே வந்தது. அந்த ஆசையை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது, நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். விளையாட்டுக்கு இறங்குகிறவனிடம், கூலிக்கு இறங்கிய சங்கு அண்ணனிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: திரும்பலாம். 15 மீட்டரில் மனம் சரியில்லை என்றால் திரும்பலாம். தூங்கவில்லை என்றால் அன்றைக்குப் போகாமலே விடலாம். முற்பணம் இல்லை, சம்மாட்டி இல்லை, வீட்டில் அரிசி வேகாமல் நிற்காது. அது பெரிய செல்வம். மருமகன் செய்த பிழை ஆழத்துக்குப் போனது இல்லை. “நாளைக்கு 25” என்று எழுதி, எழுபது எண்பது பேரைத் தனக்குச் சம்மாட்டி ஆக்கிக்கொண்டான். அந்த இரவே அவனுடைய திரும்பும் வழி பாதி அடைபட்டுவிட்டது. மீதிப் பாதியை ஈயம் அடைத்தது.

அடுத்தது காது. அவன் எடுத்த ஆபத்து அவனோடு முடியவில்லை. அரைக் காலில் நடக்கிற ஒரு மனிதர் அதற்குள் குதித்தார், ஒரு காதைக் கொடுத்தார். 19 வயதுப் பிள்ளை இனி வாழ்நாள் முழுக்கத் தன் எட்டு மீட்டரை நினைத்துக்கொண்டிருப்பான். என் உயிர், என் விருப்பம் என்று சொல்கிறவர்கள் படகில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். தன் ஆழத்துக்கு வந்து தன்னைத் தூக்கக்கூடிய இன்னொருவர் இல்லாமல் இறங்கினால், அந்தக் கணக்கை வேறு யாரோதான் கட்டுவார்கள்.

சங்கு அண்ணனிடமே கேட்டேன், இந்த விளையாட்டை என்ன நினைக்கிறீர்கள் என்று. வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: “நான் கீழ போனதெல்லாம் அட்டையைப் பாக்கத்தான் தம்பி. கடலைப் பாத்ததில்ல. அவன் கடலைப் பாக்கப் போறான். போகட்டும். ஆனா எண்ணிக்கொண்டு போகட்டும்.”

அதற்குப் பிறகு

அக்கா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், பேச மாட்டாள். ஒரு நாள் என்னிடம், “கடலுக்குப் போகாதே எண்டு சொல்லலாம்தான். சொன்னால் சொல்லாமல் போவான். அது இன்னும் கூடாது,” என்றாள். பிறகு அவளே நிபந்தனை போட்டாள். இரவு வேலை முடிந்த காலையில் இறங்கக் கூடாது. ஒருவர் கீழே என்றால் அதே ஆழம் போகக்கூடிய ஒருவர் மேலே. மேலே வந்த பிறகும் முப்பது விநாடி அவன் முகத்தை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த முப்பது விநாடி விசயத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், மயக்கம் சில நேரம் முதல் மூச்சுக்குப் பிறகும் வரும். போகும் ஆழத்தை முன்கூட்டி யாருக்கும் சொல்வதில்லை என்பது மருமகன் தானாகச் சேர்த்தது.

இப்போது மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள், கயிறு போட்டு, 15 மீட்டருக்கு மேல் போவதில்லை. 19 வயதுப் பெடியன் பதினொன்றுக்கு வந்துவிட்டான். ஓய்வு நேரத்தை எண்ணுவது சங்கு அண்ணன். ஒரு காதால் மற்றக் காது வேலையையும் சேர்த்துச் செய்கிறேன் என்று சிரிப்பார்.

பட்டி மணலிலேயே கிடந்தது. இரண்டு கிழமை கழித்து நான் தாங்கி கட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தேன். கொளுக்கியில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. கழுவிக் காயவைத்து வீட்டில் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். போன கிழமை மருமகன் வந்து, வாசலில் நின்றபடியே, “மாமா, அந்தப் பட்டி...” என்றான். உள்ளே போய் ஈயக் கட்டிகளில் மூன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் தூக்கிப் பாரம் பார்த்தான். பிறகு கரைக்குப் போய்க் கழுத்தளவுத் தண்ணீரில் கட்டிக்கொண்டு நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டான். மிதந்தான்.